வால் விரியும் விதம்

பைட்டர் மீனின் வடிவைப் பார்க்க வேண்டுமென்றால் அது சும்மா நிற்கும்போது பார்க்கக் கூடாது. போத்தலுக்குள் அடங்கி நிற்கும் பைட்டரின் வால் நனைந்த சீலைபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துப் போத்தலில் இன்னோர் ஆண் கண்ணில் படட்டும். மறுகணமே செவுள்மூடி எழும்பும், முதுகுத் துடுப்பு நிமிரும், வால் அடியிலிருந்து நுனிவரை விறைத்து விரியும். மீனை வளர்த்தவரின் இத்தனை மாத உழைப்பும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

திருக்கோவில், வினாயகபுரம் தொடங்கி அக்கரைப்பற்று, கல்முனை வரைக்கும் இந்தக் கரையில் கறிமீனின் தரம் பார்க்கத் தெரியாதவர் குறைவு. செவுளைத் தூக்கிப் பார்ப்போம், கண்ணைப் பார்ப்போம், வயிற்றை அமத்திப் பார்ப்போம். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனுக்கும் அப்படியொரு தேர்ந்த பார்வை வேண்டும் என்பது என் கட்சி. கடைக்குப் போனால் எல்லோரும் நீளமான வாலையே கேட்கிறோம். நீளம் பெரிய விஷயமில்லை, கதிர்களைத்தான் பார்க்க வேண்டும்.

துடுப்பைத் தாங்குவது மெல்லிய எலும்புக் கதிர்கள். கதிர்களுக்கு இடையில் சவ்வு. தாய்லாந்து வயல்களில் வாழும் காட்டு பைட்டருக்குச் சின்ன வட்ட வால்தான். அதில் ஒரு கதிர் இரண்டாகப் பிரிவதோடு சரி. வளர்ப்பவர்கள் உருவாக்கிய அரைநிலா வாலில் அதே கதிர் நாலாக, எட்டாகக் கிளைக்கிறது. கிளை கூடக் கூட விளிம்பு அகலும். கடைசியில் வாலின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நேர்கோட்டில், 180 பாகையில் வந்து நிற்கும். 1990களில் இந்த வாலை நிலைநிறுத்தியவர்களில் ஜெஃப் வில்சன், லோரன் ஷெனோ, ராஜீவ் மாசிலாமணி மூவரையும் பைட்டர் உலகம் ஒன்றாகச் சொல்லும். மாசிலாமணி என்ற பெயரை அந்த வரிசையில் கண்டபோது எனக்கு உண்டான சந்தோசத்தை மறைக்க மாட்டேன்.

அதே பத்தாண்டின் பிற்பகுதியில் இந்தோனேசியாவிலிருந்து கிரவுன்டெயில் வந்தது. இதில் சவ்வு உள்ளே வாங்கிவிடும், கதிர்கள் மட்டும் முள்முள்ளாக வெளியே நீண்டு நிற்கும். உலகமே வியந்த அந்த வடிவத்தை நினைவூட்டும் வால் ஒன்று நம் நாட்டு ஓடைகளில், யாருடைய கைவேலையும் இல்லாமல், முன்பே இருந்தது. இலங்கையின் ஈரவலயத்து நீரோடைகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பெலோன்டியா சிக்னாட்டா, அதாவது சீப்புவால் மீன், பைட்டருக்கு உறவுதான். 1861இல் விலங்கியலாளர் குந்தர் இதை விவரித்தார். குஞ்சில் சாதாரண வாலாக இருப்பது வயது ஏற ஏறக் கதிர்நுனிகள் சவ்வைத் தாண்டி நீண்டு, சீப்புப் பற்களாகிவிடும். நிறம் வெறும் செம்பழுப்பு. ஆனாலும் கிரவுன்டெயில் பத்தைக் காட்டிலும் முதிர்ந்த சீப்புவால் ஒன்று எனக்கு உயர்வு. அதன் வால் எவ்வளவு நீண்டாலும் நீந்தும் வேகம் குறைவதில்லை.

குறையும் இடம் ரோஸ்டெயில் என்ற பைட்டர் வகை. கதிர் அளவுக்கு மிஞ்சிக் கிளைத்து, விளிம்பு இதழ் இதழாக மடிந்து கிடக்கும். படத்தில் அற்புதம். தொட்டியிலோ அந்த மீன் நாலு வீச்சு நீந்திவிட்டு இலையில் சாய்ந்து கிடக்கும். பாரம் தாங்காமல் தன் வாலைத் தானே கடித்துத் துப்புகிற மீன்களும் உண்டு. சுமக்க முடியாத அழகை உடம்பில் ஏற்றிவிடுவது ரசனையாகாது.

துடுப்பு எந்த அளவில் நிற்க வேண்டும் என்று மீனுக்கு யார் சொல்கிறார்கள்? வரிக்குதிரை மீனில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. உயிரணுவின் சுவரில் பொட்டாசியம் போய்வரும் வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மரபணு மாறினால், உடம்பு வழமையான அளவில் நிற்க, துடுப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும் என்று 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த வாசல்கள் வழியாக ஓடும் மின்னோட்டம்தான் துடுப்பின் அளவைப் பார்க்கிறது. அந்த ஆய்வுகளுக்குப் பயன்படும் நீள்துடுப்பு வரிக்குதிரை மீன்களை அலங்கார மீன் தொட்டிகளிலும் காணலாம். கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி விழுந்த இன்னொரு வகையை 1963இல் தனி இனம் என்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள். அதுவும் ஒற்றை மரபணு மாற்றம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நிறத்துக்கு வருவோம். பைட்டரின் தோலில் மஞ்சள், கறுப்பு, சிவப்பு, மினுங்கும் நீலப்பச்சை என்று நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நீலத்துக்குச் சாயம் கிடையாது. நுண்ணிய படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் தெறிப்பதுதான் அது. அதனால்தான் மீன் திரும்பும்போது நீலம் பச்சையாகிறது. மார்பிள் வகையில் வேடிக்கை இன்னும் கூட. வெள்ளையில் நீலத்திட்டு என்று வாங்கிய மீன் சில மாதத்தில் முழு நீலமாகி நிற்கும், சிலது நீலத்தை உதிர்த்து வெளுக்கும். இடம்விட்டு இடம் தாவும் மரபுத்துண்டின் வேலை அது என்று கருதுகிறார்கள். ஏமாந்துவிட்டோம் என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகத் தேவையில்லை. கிழிந்த துடுப்பு திரும்ப வளர்வதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்: புது விளிம்பு முதலில் நிறமேயில்லாத கண்ணாடிச் சவ்வாக வரும், பின்பு அடியிலிருந்து நிறம் மெல்ல ஊறும்.

நம் கிணற்றுக் கப்பியைச் சொல்லாமல் விட்டால் பாவம். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் விடுகிற அதே மீன். 2016இன் இறுதியில் மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு கண்டறியப்பட்ட பிறகும் கிணறுகளில் இதைத்தான் விட்டார்கள். கடற்கரையோரத்துச் சவர்த் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். டிரினிடாட் தீவில் ஜோன் எண்ட்லர் செய்த சோதனை இந்தச் சின்ன மீனின் பெருமையைச் சொல்லும். கொன்று தின்னும் பெருமீன் இருந்த ஓடையின் மங்கல் கப்பிகளை எடுத்து, அந்தப் பகை இல்லாத ஓடையில் விட்டார். இரண்டே ஆண்டுகளில் ஆண்கள் பளிச்சென்று நிறம் கூடிப்போனார்கள். அந்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. பெண் கப்பிக்குப் பிடித்தது ஆரஞ்சுப் பொட்டு. அந்த ஆரஞ்சின் ஒரு பங்கு பாசி போன்ற உணவிலிருந்து வர வேண்டும். தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பாசி இல்லாமல் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்த முறை பைட்டர் வாங்கப் போகும்போது சின்னக் கண்ணாடி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். போத்தலின் பக்கத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். வால் முழுசாக விரிகிறதா, விரித்த வாலோடு மீன் திரும்பி நீந்துகிறதா என்று பார்த்து எடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் யாருக்காவது கொடுங்கள். களப்பிலோ குளத்திலோ மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.