கிங்பின் கணக்கில் வராத ஒன்று

பழிவாங்குற வில்லன்னா நேரா வந்து மோதுவான், ஹீரோ திருப்பி அடிப்பார். 1986-ல் ஃப்ராங்க் மில்லர் எழுதி டேவிட் மஸுக்கெல்லி வரைந்த ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ (227 முதல் 233 வரை, ஏழு இதழ்கள்) அப்படி ஆரம்பிக்கவில்லை. இங்கே முதல் அடி காகிதமாக விழுகிறது.

பார்வையற்ற வக்கீல் மாட் மர்டாக்தான் டேர்டெவில் என்ற ரகசியம் கிங்பினிடம் போய்ச் சேர்கிறது. ஆள் அவசரப்படுவதே இல்லை. வருமான வரித்துறை மாட்டின் கணக்கை முடக்குகிறது. பொய்ச் சாட்சியால் வக்கீல் தொழில் போகிறது. நாலு அலுவலகத்தில் நாலு பேரை வளைத்தால் ஒரு மனுஷனை இல்லாமலே ஆக்கிடலாம்! படிக்கும்போது என்னைப் பயமுறுத்தியது இதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் மாட்டுக்கு எதிரி யாரென்றே தெரிந்திருக்காது. ஆசை யாரை விட்டது? கிங்பின் வீட்டுக்கும் குண்டு வைக்கிறான், மாட்டிக்கொள்கிறான்.

சரி, ரகசியத்தை விற்றது யார்? கேரன் பேஜ். 1964-ல் முதல் இதழிலேயே வந்தவள், மாட்டின் அலுவலகச் செயலாளர், பழைய காதலி. இப்போது மெக்சிகோவில், ஹெராயினுக்கு அடிமை. ஒரு ஊசிக்காக அவன் பெயரை விற்கிறாள். இந்தப் பக்கம் மாட்டின் இப்போதைய காதலி குளோரியானா, அவன் நண்பன் ஃபாகியோடு நெருங்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெயர் கைமாறிய வழியில் இருந்த எல்லோரையும் தீர்த்துக்கட்டச் சொல்கிறான் கிங்பின். உண்மையில் கேரன்மேல் கோபப்பட அவனைவிட மாட்டுக்குத்தான் காரணம் அதிகம். ஆனால் மாட் அவளைக் கண்டுபிடித்ததும் விசாரணை நடத்துவதில்லை. சமையல்காரனாக வேலை பார்த்துக்கொண்டு, போதையை விட முடியாமல் துடிக்கிறவளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறான். என் வாசிப்பில் கிங்பின் தோற்ற இடம் இதுதான். பின்னால் வரும் அடிதடி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

‘மன்னிப்பு ரொம்பச் சுலபமா வந்துடுச்சே’ என்று கேட்கலாம். எனக்குக் குறை வேறு இடத்தில். கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும் என்பதற்காகக் கேரனை இவ்வளவு கீழே தள்ளிய மில்லர், அவள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதற்குப் பக்கமே ஒதுக்கவில்லை. குளோரியானாவுக்கு அதைவிடக் குறைவு. ஆண்களின் பழிக்கும் பெருந்தன்மைக்கும் நடுவில் இரண்டு பெண்களும் கொஞ்சம் நசுங்கித்தான் போகிறார்கள்.

இருந்தும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். இழந்த வீடோ தொழிலோ மாட்டுக்குத் திரும்பி வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் முகமூடி இல்லாமல், கேரனோடு தெருவில் நடந்து போகிறான். எனக்கு அது போதுமாக இருக்கிறது.