சாக்ஸபோன் உறவுக்காரர்கள்

ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தால் அது வேறு ஆரணி. நான் சொல்வது திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம் பக்கத்தில் இருக்கிற ஆரணி. அங்கே என்றில்லை, எந்த ஊர்க் கல்யாண ரிசப்ஷனுக்குப் போனாலும் மேடையில் யாராவது சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கச் சாத்தியம் உண்டு. காரணம், 1994-ல் வந்த பாலசந்தரின் 'டூயட்'. ரஹ்மான் இசையில் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்ட பிறகு நமக்கெல்லாம் சாக்ஸபோன் என்றால் காதல், அப்புறம் கண்ணீர்.

மேல்நாட்டில் இந்த வேலையைச் செய்தவர் கென்னி ஜி. 1992-ல் வெளியான அவருடைய 'பிரெத்லெஸ்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இந்த வகைக்கு 'ஸ்மூத் ஜாஸ்' என்று பெயர். எந்த ஸ்வரமும் குத்தாது. ஓட்டல் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் மறந்துபோகும்.

கத்ரியையும் இந்தக் கணக்கில் எழுதிவிட்டீர்களென்றால், 2008-ல் வெளிவந்த 'கின்ஸ்மென்' என்கிற ஆல்பத்தைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். உறவுக்காரர்கள் என்று அர்த்தம். கூட வாசிப்பவர் ருத்ரேஷ் மகந்தப்பா, அமெரிக்காவில் வளர்ந்த கன்னடக்காரர், ஜாஸ் கலைஞர். மாணவராக இருந்தபோது அவருடைய அண்ணன் விளையாட்டாக ஒரு ஆல்பத்தைப் பரிசளித்தார். தலைப்பு, 'சாக்ஸபோன் இண்டியன் ஸ்டைல்'. வாசித்தவர், நம்ம கத்ரி. கிண்டலுக்குக் கொடுத்தது காரியத்தில் முடிந்தது.

சாக்ஸபோன் படிக்கட்டு மாதிரி. சாவியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், அடுத்ததற்கு அடுத்த சாவி. நம் கமகமோ படி இல்லாத சறுக்குமரம். நாதஸ்வரக்காரரின் மகனான கத்ரி, சாவிகளில் சில மாற்றங்கள் செய்து, பாக்கியை மூச்சிலும் உதட்டிலும் சமாளித்தார். ருத்ரேஷின் பாடு வேறு. ஜாஸில் கார்டு மாற மாற ஸ்வரங்களும் மாறவேண்டும். நமக்கு ஒரே சுருதி, ஒரே ராகம், அதற்குள்ளேயே உலகம். இருவரும் கைகுலுக்கிச் சிரிக்கிற ஃப்யூஷனாக இது ஆகியிருக்கலாம் (அப்படி நிறையப் பார்த்தாயிற்று). ஆகவில்லை. கத்ரி நிதானமாக ஒரு வளைவு வளைத்தால், ருத்ரேஷ் சரசரவென்று கிழித்துக்கொண்டு பாய்கிறார். இரண்டும் ஆல்டோ சாக்ஸபோன்தான். ஆனால் எது யாருடையது என்று ரெண்டே நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். பேச்சுவார்த்தை சண்டையாகி, சண்டை சமாதானமாவதைக் கேட்கமுடிகிறது. ஏ.கன்யாகுமரியின் வயலின் இரண்டு கட்சிக்கும் பொதுவான அத்தை மாதிரி, இரண்டு பாஷையும் பேசுகிறது.

குறையும் உண்டு. டிரம்ஸ் மும்முரமாகும் இடங்களில் பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு தேடவேண்டியிருக்கிறது. சில உருப்படிகள் முடிந்தபிறகும் முடிய மறுக்கின்றன.

கத்ரி 2019 அக்டோபரில் காலமானார். 'டூயட்' பெயரைச் சொல்லாத அஞ்சலியே இல்லை எனலாம். 'கின்ஸ்மென்' பெயரைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. முழுசாகக் கேட்கப் பொறுமையில்லை என்றால், நடுநடுவே வரும் குட்டி ஆலாபனைகளிலிருந்து ஆரம்பியுங்கள். ரெஸ் அப்பாஸி கிட்டாரில் வாசிப்பதை இரண்டு தடவை.