போர்ட்டோபியா: மூன்றில் எது?

ஜப்பானின் துறைமுக நகரம் கோபே. அங்கே கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் தலைவர், உள்ளே தாழிட்ட அறையில் பிணமாகக் கிடக்கிறார். விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரி நாம்தான். நம் முகம் ஒருமுறைகூடத் திரையில் வராது. ‘பாஸ்’ என்று நம்மைக் கூப்பிட்டபடி, ஏவியதையெல்லாம் செய்ய உதவியாளன் யாசு இருக்கிறான். யூஜி ஹோரீ உருவாக்கிய ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’ என்ற வீடியோ ஆட்டம் இப்படித்தான் தொடங்குகிறது.

இதை ஆட விரும்புகிறவருக்கு எந்த வடிவத்தைக் கைகாட்டுவது? 1983இல் வந்த கணினி வடிவம், 1985இல் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வந்த வடிவம், 2023இன் செயற்கை நுண்ணறிவு வடிவம் ஆகியவை கண்முன் நிற்கின்றன. மூன்றிலும் வழக்கு ஒன்றே. யாசுவிடம் நாம் பேசும் விதம்தான் மாறுகிறது. துப்பறியும் ஆட்டத்தின் உயிர் அந்தப் பேச்சில் இருப்பதால், அதை வைத்தே எடைபோடுகிறேன்.

முதல் வடிவம் பிசி-6001 கணினிக்காக எழுதப்பட்டது, எனிக்ஸ் வெளியிட்டது. கட்டளைகளை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். வாயில் வந்ததைச் சொல்லி ஒருவனை ஏவும் உணர்வு அன்று புதியது. ஆனால் சிக்கலும் அங்கேதான். படத்தில் ஒரு பொருள் தெரியும். அதற்கு நிரலில் என்ன பெயர் என்பது தெரியாது. கொலையாளியைத் தேடி வந்தவர், சொல்லைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரியான சொல் சிக்கும்போது ஒரு சிலிர்ப்பு உண்டு. ஆனால் அது விடுகதையை அவிழ்த்த சிலிர்ப்பு; வழக்கில் ஒரு படி ஏறிய நிறைவு அல்ல.

ஃபாமிகாம் கருவியோடு விசைப்பலகை வராது. கோயிச்சி நகமுராவின் சுன்சாஃப்ட் நிறுவனம் அந்தக் குறையையே வரமாக்கியது. போ, கேள், தேடு, காட்டு, கைது செய் என்று 14 கட்டளைகள் திரையோரத்தில் வரிசையாக நிற்கின்றன. சொற்களை இப்படிக் குறுக்கினால் சுதந்திரம் சுருங்கிவிடும் என்றுதான் தோன்றும். ஆடிப் பாருங்கள், நேர்மாறாக இருக்கும். எதைச் செய்யலாம் என்பது முன்னாலேயே தெரிவதால், யாரிடம், எப்போது, எதற்காக என்று மட்டும் மனம் ஓடுகிறது. பூதக்கண்ணாடியை எடுத்தால், படத்தில் எந்த இடத்தில் வைப்பது என்பதை நம் கண்தான் தீர்மானிக்க வேண்டும். ஆட்டத்துக்குப் பின்னணி இசை இல்லை. ‘இது முக்கியமான இடம்’ என்று காதில் ஓதி நம் கவனத்தைத் திருப்ப எதுவும் இல்லாததால், சந்தேகப்படும் வேலையும் முழுக்க நம்முடையதாகிறது.

இந்த வடிவத்தில் புதிதாகச் சேர்ந்தது நிலத்தடிச் சுரங்கப் புதிர்வழி. ‘விசார்ட்ரி’ என்ற ஆட்டத்தின் மேல் ஹோரீக்கு இருந்த காதல் அதில் தெரிகிறது. துப்பறியும் கதைக்கு அது ஒட்டவில்லை என்பாரும் உண்டு. தாளும் பென்சிலுமாக வழி வரைந்துகொண்டே நடப்பவருக்கு அதுவும் ஒரு விசாரணைதான் என்பேன். மறு ஆண்டே ஹோரீயும் நகமுராவும் சேர்ந்து ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தைத் தந்தார்கள். அதன் கட்டளைப் பெட்டிகளில் இந்த வழக்கின் சாயலைப் பார்க்கலாம்.

2023இல் ஸ்குவேர் எனிக்ஸ் ஸ்டீம் இணையக் கடையில் இலவசமாக வெளியிட்ட வடிவம் மறுபடியும் தட்டச்சுக்குத் திரும்பியது. இயல்பாக எழுதும் வாக்கியத்தை யாசு புரிந்துகொள்வான் என்பது திட்டம். படங்கள் புதிது, பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் தெளிவாகக் கேட்ட கேள்விக்கும் அவன் அடிக்கடி விழிக்கிறான். 1983இன் பழைய சிக்கல் நாற்பது ஆண்டு கழித்துப் புதுச் சட்டை போட்டு வந்து நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு ஃபாமிகாம் வடிவத்துக்கே. அதற்கு அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு இல்லை. ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்பு உண்டு. 2023 வடிவத்தை ஆவணமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: குற்றவாளி யார் என்பது ஜப்பானில் ஊரறிந்த ரகசியம். ஆடி முடிக்கும்வரை இந்த ஆட்டத்தைப் பற்றி வேறெதையும் படிக்காதீர்கள்.