அடும்பும் காந்தளும்

கடற்கரை மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல்லுக்குப் பக்கத்திலேயே படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியை மிதித்துப் போகிறவர்களே அதிகம். குனிந்து ஓர் இலையைப் பறித்தால், நுனி நடுவே பிளந்திருப்பது தெரியும். சங்கப் பாடலின் அடும்பு இதுதான். குறுந்தொகையில் நம்பி குட்டுவன் அந்த இலையை மானின் அடியோடு ஒப்பிட்டார். 1753இல் லின்னேயஸ் இட்ட லத்தீன் பெயருக்குப் பொருள் ஆட்டின் கால். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர். இருவர் சொல்லும் அதே பிளவில் போய் நிற்கிறது.

இப்படிப் பார்த்துச் சொன்ன கவிதையை நாம் நெடுங்காலம் பாராமலேயே படித்தோம். உரைகளிலும் அகராதிகளிலும் ‘ஒருவகை மரம்’, ‘ஒரு பறவை’ என்ற அளவோடு எத்தனை உயிர்கள் நின்றுபோயின!

1952இல் தூத்துக்குடியிலிருந்து வெளிவந்த தனிநாயகம் அடிகளின் ஆங்கில நூல், பழந்தமிழ்க் கவிதையின் இயற்கையைத் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டது. பாதை பிரிந்தது 1967இல். அந்த ஓராண்டில் இரண்டு நூல்கள். ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கி, நிலத்தை மனத்தின் நிலமாக வாசித்துக் காட்டினார். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்த பி.எல். சாமி, ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ எழுதினார். 1976இல் பறவைகளுக்கும் ஒரு நூல் செய்தார். முன்னவரை உலகம் படித்தது. பின்னவரைப் பழைய புத்தகக் கடையில்தான் நான் கண்டெடுத்தேன்.

இருவரும் ஒருவருக்கொருவர் தேவை என்பதற்குத் தேவகுலத்தாரின் குறுந்தொகைப் பாடல் ஒன்றே போதும். தன் காதலுக்கு நிலம், வான், கடல் மூன்றையும் அளவாகச் சொன்ன தலைவி, கடைசியில் குறிஞ்சிப் பூவில் எடுத்த தேனுக்கு வந்து நிற்கிறாள். உள்ளுறை தேடுபவர் தேனோடு திரும்பிவிடுவார். அந்தப் பூ நீலக்குறிஞ்சி என்று கொண்டால், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடியும் செடி அது. மூணாறில் 2018இல் பூத்தது. இதை அறிந்து படிக்கும்போது அந்தத் தேனின் எடையே வேறு.

களத்திலேயே நின்று எழுதியவர் மா. கிருஷ்ணன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இயற்கைப் பத்தி எழுதினார். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பில் உள்ள அவருடைய தமிழ் தனி ருசி. ஆனால் அவர் வழியில் கவிதைக்குத் திரும்பி வந்தவர்கள் குறைவு.

எனக்கொரு குறை உண்டு. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருளில் மரத்தையும் புள்ளையும் மட்டுமா சொன்னது? தொழிலையும் சொன்னது. நம் ஆய்வுகள் பூக்களை எண்ணின, அந்தப் பூக்களோடு புழங்கும் கைகளை எண்ணவில்லை. குறிஞ்சித் திணையின் செங்காந்தள் இன்று மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கம்பிப் பந்தலில் ஏறியிருக்கிறது. வேண்டியது பூவல்ல, மருந்துக்குப் போகும் விதை. காய் நன்றாகப் பிடிக்க, காலையில் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் இதழையும், பக்கவாட்டில் மடிந்து நீளும் சூல்தண்டையும் அந்த வேலையாட்களைவிட நெருக்கமாக எந்த உரையாசிரியரும் பார்த்திருக்கமாட்டார்.