நான்காவதாக வந்தவள்

என் புத்தக அலமாரியில், தொல்காப்பிய உரைகளுக்குப் பக்கத்தில், ஒரு வெண்கல நிற மெடல் தொங்குகிறது. வீட்டுக்கு வரும் தோழிகள் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ‘நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், மூன்றாம் இடம்’ என்று பொறித்திருக்கும். அந்தப் பிரிவில் கலந்துகொண்டவர்களே ஐந்து பேர்தான் என்பதை நானே சிரித்தபடி சொல்லிவிடுவேன். நான் சொல்லாமல் விடுவது வேறொன்று.

நாற்பத்தொரு வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்னது ஒரு காரணம். மாணவிகளுக்கு உடல் அரசியல் பற்றி வகுப்பெடுத்துவிட்டு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது இன்னொரு காரணம். நீச்சலோடு சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்துகொள்ள, மூன்று வருடம் கழித்து ஒரு சிறிய டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்தேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் அடுத்தடுத்து, ஒரே கடிகாரத்தின் கீழ்.

சைக்கிளில் திரும்பி வரும்போது எதிர்காற்று. கால் மரத்துப்போயிருந்தது. அப்போது இளைஞர்கள் ஐந்து பேர் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். கடைசி ஆளின் பின்சக்கரத்துக்கு இரண்டு மீட்டர் தொலைவில் நான் ஒட்டிக்கொண்டேன். காற்று நின்றுவிட்டது போலிருந்தது. சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. இன்னொருவரின் முதுகு அந்த வேலையைச் செய்யும்போது கால்களுக்கு வரும் ஓய்வை ஒருமுறை அனுபவித்தால் மறக்க முடியாது. இதற்கு டிராஃப்டிங் என்று பெயர். எங்கள் போட்டியில் இது கூடாது, முன்னால் போகிறவருக்கும் நமக்கும் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் என்று முந்தைய நாள் மாலைதான் சொல்லியிருந்தார்கள். ஏழு கிலோமீட்டர் தூரம் அப்படியே வந்தேன். வழியில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண்ணைக் கடந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, தனியாக, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் எனக்கு ஒன்றரை நிமிடம் பின்னால் வந்து நான்காவது ஆனாள்.

பரிசளிப்புக்கு முன் ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். “விடுங்க மேடம், இதெல்லாம் யாரு பாக்குறாங்க? ஜாலிக்குத்தானே வர்றோம். லேடீஸ்ல வந்ததே அஞ்சு பேர்.” அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு வசதி இருந்தது. மெடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான், பந்தயங்களில் ஏமாற்றியதாகச் சொல்லப்படும் பெண்களைப் பற்றிய எழுத்துகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். என்னைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிடைத்தது ரோசி ரூயிஸ். 1980 ஏப்ரலில் நடந்த பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 31 நிமிடம் 56 விநாடியில் கோட்டைத் தொட்டு, பெண்களில் முதலாவதாக அறிவிக்கப்பட்டவர். பாதையின் பெரும்பகுதியை அவர் ஓடவேயில்லை, கடைசிக் கட்டத்தில் கூட்டத்திலிருந்து உள்ளே நுழைந்தார் என்று முடிவாகி, எட்டு நாட்களில் பட்டம் பறிக்கப்பட்டது. இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படும்போதெல்லாம் சில விவரங்கள் தவறாமல் வரும். அவருக்கு வியர்க்கவில்லை. முடி கலையவில்லை. தொடைகள் ஓட்டக்காரியின் தொடைகளைப் போல இல்லை. பெண்ணின் பொய்யை அவள் உடம்பில் தேடும் பழக்கம் நமக்குப் புதியதல்ல.

அதே நாளில் வேறொரு விதமான விசாரணையும் நடந்தது. 1967இல் இதே பாஸ்டனில், பந்தய அதிகாரி ஒருவர் எண் அட்டையைப் பிடுங்க வந்தும் ஓடி முடித்தவர் கேத்ரின் ஸ்விட்சர். 1980இல் ரூயிஸைப் பேட்டி எடுத்தவர் அவர்தான். அவர் பயிற்சியைப் பற்றிக் கேட்டார். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் எல்லோரும் செய்யும் இன்டர்வல் பயிற்சி என்ற சொல்லே ரூயிஸுக்குத் தெரிந்திருக்கவில்லை. தொடையைப் பார்க்கும் கேள்விக்கும் உழைப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கும் உள்ள தூரத்தை மாணவிகளிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. இரண்டும் ஒரே உண்மையைத்தான் சென்றடைந்தன. ஆனால் ஒன்று பெண்ணைப் பண்டமாக நிறுத்தி எடைபோட்டது. மற்றொன்று அவளைத் தொழில் தெரிந்தவளாக எண்ணிக் கேட்டது.

அந்தப் பந்தயத்தில் உண்மையாகவே வென்றவர் கனடாவைச் சேர்ந்த ஜாக்குலின் கரோ. 2 மணி 34 நிமிடம் 28 விநாடி. முதலிடம் அவருக்கு வந்து சேர்ந்தது. கோட்டைத் தாண்டிய அந்த நொடியின் ஆரவாரம் வந்து சேரவில்லை. ரூயிஸின் பெயர் தெரிந்த பத்துப் பேரில் கரோவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏமாற்றியவள் கதைமாந்தர் ஆகிறாள். ஏமாற்றப்பட்டவள் அந்தக் கதையின் அடிக்குறிப்பு ஆகிறாள்.

மாரத்தானிலிருந்து டிரையத்லானுக்கு வந்தால் இது இன்னும் கூர்மையாகிறது. சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் நடந்த ஒரு முழுநீள அயர்ன்மேன் போட்டி. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், முழு மாரத்தான். தொழில்முறை வீராங்கனை அல்லாத ஒரு பெண், தன் வயதுப் பிரிவில் முதலிடம் பெற்றார். பின்னால் வந்தவர்களுக்கோ குழப்பம். அவர் தங்களைக் கடந்து போனதை யாரும் பார்க்கவில்லை. நேரத்தைப் பதிவு செய்யும் சிப் வழியில் தொலைந்துவிட்டது என்றார் அவர். புகைப்படங்களையும் மற்றவர்களின் நேரப் பதிவுகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். தான் ஏமாற்றவில்லை என்று அவர் மறுத்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் பெயர் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சிப் எங்கே இருக்கும் தெரியுமா? கணுக்காலில். ஒரு பட்டையில் வைத்து, நீரில் இறங்குவதற்கு முன் கட்டிக்கொள்ள வேண்டும். பாதையில் விரித்திருக்கும் பாய்களைத் தாண்டும்போதெல்லாம் அது சாட்சி சொல்லும். முதல்முறை அதைக் காலில் கட்டியபோது, தமிழ் படித்த யாருக்கும் வரக்கூடிய நினைவுதான் எனக்கும் வந்தது. கண்ணகியைக் கற்பின் தெய்வமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் வழக்குரை காதையில் பாண்டியன் அவைக்கு அவள் கொண்டுபோனது சிலம்பை. என் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள் அவள், எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் மன்னன், அவளே சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். மன்னன் தோற்றது அந்தப் பரலின் முன். அவளுடைய கற்பைப் பற்றிய கேள்வியே அந்த வழக்கில் எழவில்லை.

பந்தய நேர்மை பற்றிய பேச்சில் நமக்குத் தேவைப்படுவது இந்தக் கண்ணகிதான். கிடைப்பது என்னவோ மற்றவள். நான் வாசித்த செய்திகளும் விவாதங்களும் பெரும்பாலும் ‘அவள் ஏன் அப்படிச் செய்தாள்’ என்பதைச் சுற்றியே வருகின்றன. தாயாக இருந்துகொண்டு, மனைவியாக இருந்துகொண்டு எப்படி முடிந்தது? முந்தைய வெற்றிகளும் பொய்யோ? சான்றை வைத்துப் பழைய முடிவுகளைச் சரிபார்ப்பது நியாயம். ஆனால் ஒரு முறை தவறியவள் முழுக்கவும் தவறியவள் என்று ஒரு வாழ்க்கையையே திருப்பி வாசிப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த தர்க்கம். கற்பு என்ற இடத்தில் நேர்மை என்ற சொல்லைப் பொருத்திவிட்டால் எல்லா வாக்கியங்களும் அப்படியே பொருந்தும்.

கற்பாகிவிட்ட நேர்மைக்கு இரண்டே நிலைகள் உண்டு. தூய்மை அல்லது வீழ்ச்சி. ஏழு கிலோமீட்டர் பிறர் காற்றில் வந்தவளுக்கு அங்கே பெயரில்லை. அதனால் அவள் தப்பித்துவிடுகிறாள். அவளோடு அந்த ஐந்து இளைஞர்களும் தப்பித்துவிடுகிறார்கள்.

விதியின் அமைப்பையும் பார்க்க வேண்டும். அயர்ன்மேன் போட்டிகளில் அமெச்சூர்களுக்கான இடைவெளி 12 மீட்டர். மீறியது பிடிபட்டால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் நம்மை முந்தினால், முந்தப்பட்டவர்தான் வேகத்தைக் குறைத்து மறுபடி அந்த இடைவெளியை உண்டாக்க வேண்டும். எழுத்தில் இது எல்லோருக்கும் சமம். சாலையில் என்ன ஆகிறது? பெரும்பாலான போட்டிகளில் பெண்கள் சிறுபான்மை. நீச்சலில் நன்றாக வந்த ஒரு பெண்ணைச் சைக்கிளில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக முந்துகிறார்கள். விதியை மதிப்பவள் ஒவ்வொரு முறையும் பின்வாங்க வேண்டும். பதினைந்து பேர் முந்தினால் பதினைந்து முறை. மதிக்காதவள் அந்தக் கூட்டத்தின் காற்றில் ஏறிப் போய்விடலாம். ஆண்களின் கூட்டம் பெண்களின் பந்தயத்தை இப்படித்தான் தீர்மானிக்கிறது. நேர்மையாக இருக்கும் செலவு பெண்ணுக்கு அதிகம் என்பதை எந்த விதிப்புத்தகமும் எழுதுவதில்லை.

பரிசும் அப்படித்தான். ஹவாயின் கோனாவில் நடக்கும் உலகச் சாம்பியன்ஷிப்புக்கான தகுதி இடங்களை, வயதுப் பிரிவில் எத்தனை பேர் களமிறங்குகிறார்கள் என்பதை வைத்தே நீண்ட காலம் பிரித்துக் கொடுத்தார்கள். ஆண்கள் பிரிவில் பல இடங்கள் கிடைக்கும் போட்டியில், அதே வயதுப் பெண்களுக்குச் சில சமயம் ஒன்றே ஒன்றுதான். பல இடங்களில் ஒன்று களவுபோவதும் இருந்த ஒன்றே களவுபோவதும் ஒன்றா? தொழில்முறை வீரர்களிலும் 50 ஆண்களுக்கு 35 பெண்கள் என்றிருந்ததை எதிர்த்து 2015இல் வீராங்கனைகள் போராட வேண்டியிருந்தது. 2023இல் கோனாவில் பெண்கள் மட்டுமே ஓடிய பந்தயம் முதன்முறையாக நடந்தது. முந்திப்போகும் ஆண் கூட்டம் இல்லாத சாலை அது. 2026 முதல் இருபாலருக்கும் மறுபடி ஒரே நாள் என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொல்லி என் ஏழு கிலோமீட்டரைக் கட்டமைப்பின் மேல் ஏற்றிவிட முடியுமா? கூட்டம் ஆண்களுடையது. ஒட்டிக்கொண்ட முடிவு என்னுடையது. நான் ஏமாற்றியது அந்த ஒருங்கிணைப்பாளரை அல்ல, அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. பச்சைச் சட்டைக்காரியின் ஒன்றரை நிமிடத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். ‘லேடீஸ்ல அஞ்சு பேர்தானே’ என்ற சொல்லை வேறொரு மேடையில் கேட்டிருந்தால் எழுந்து நின்று எதிர்த்திருப்பேன். எனக்கு உதவியாக வந்தபோது ஏற்றுக்கொண்டேன். பெண்கள் பிரிவு என்பது ஒப்புக்குத்தான், அதில் யார் எப்படி வந்தாலும் ஒன்றுதான் என்று சொன்னவரோடு அன்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

நேர்மை என்பதை என் மனசாட்சிக்கும் எனக்கும் இடையிலான அந்தரங்கமாக வைத்திருந்தவரை, குற்ற உணர்வோடு மெடலையும் வைத்துக்கொள்ள முடிந்தது. அதை எனக்குப் பின்னால் வந்தவளுக்குக் கொடுக்க வேண்டிய கணக்காகப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அவளைத் தேடினேன்.

ஒரு சைக்கிள் குழு மூலம் அவர் எண் கிடைத்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கூப்பிட்டேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும்மா. நீங்க அந்தப் பசங்க பின்னாடி போனதை நான் பாத்தேன். நாமளும் ஒட்டிக்கலாமான்னு எனக்கும்தான் தோணுச்சு.”

மெடலை அனுப்பிவைக்கட்டுமா அக்கா என்று கேட்டேன்.

“மெடலை வச்சு நான் என்ன பண்ண? ரிசல்ட்ல மாத்தச் சொல்லுங்க. மூணாவதுன்னு என் பேரு இருக்கணும். என் பேத்தி படிக்கிறப்ப அதுதானே இருக்கும்.”

அமைப்பாளர்களுக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, எத்தனை மீட்டர் இடைவெளியில் என்று எழுதியிருக்கிறேன். முடிவுகள் இறுதியானவை என்று ஒருமுறை பதில் வந்தது. அதன் பிறகு வரவில்லை. நான்காவது மின்னஞ்சலில் அக்காவின் கையெழுத்தும் இருக்கும். மெடல் அதுவரை அலமாரியில்தான் தொங்கும். இப்போது யாராவது எடுத்துப் பார்த்தால், அது யாருடையது என்று சொல்லிவிடுகிறேன்.