பஞ்சக் கூலியும் ஆலைச் செல்வமும்

ஆரம்பாக்கத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே எழுந்துள்ள தொழிற்சாலைகளில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒப்பந்தத்தின் பேரில் உழைக்கும் ஜனங்களின் வாழ்வை ஆராயப் புகுவோர், அப்பிரதேசத்துக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயின் சரித்திரத்தையும் உடன் படிப்பது அவசியம் என்பது என் அபிப்பிராயம். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னையில் வந்து குவிந்த ஏழைகளைக்கொண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அக்கால்வாயின் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. பின்னி கம்பெனியார் பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையை நிறுவியதோ 1876இல். கவர்னர் ஒருவரின் பட்டப்பெயரே கால்வாய்க்கும் ஆலைக்கும் வாய்த்தது. பட்டினியும் மூலதனமும் ஒரே நகரில் ஒரே காலத்தில் திரண்டன.

அக்காலத்துக் கூலியை அறிய நமக்குள்ள சிறந்த சாதனம், சென்னைப் பத்திரிகாசிரியராயிருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரு பாகங்களாக வெளியிட்ட பஞ்ச வரலாறேயாகும். செலவைச் சுருக்கும்பொருட்டு இந்திய சர்க்கார் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் மண் சுமக்கும் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதுமென 1877 ஜனவரியில் விதிக்க, சென்னைச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டுக்குக் குறைந்தால் உழைக்கும் உடல் நில்லாதென்று வாதாடினார். மனிதன் உயிர்தரிக்க எவ்வளவு வேண்டும் என்பதே விவாதமாயிற்று. அவன் உழைப்பின் பெறுமதி யாது என்பதை எவரும் கேட்டிலர். அந்த அளவுகோலே பிற்பாடு ஆலைக் கூலிக்கும் நிழலாய்த் தொடர்ந்தது என்று கருதுகிறேன். வேறு ஜீவனமற்றோர் வாயிலில் காத்துநிற்கையில் முதலாளி கூலியை உயர்த்த என்ன நிர்ப்பந்தம் இருந்தது?

சட்டமும் துணைக்கு வரவில்லை. 1881ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டுமே விலக்கிற்று. 1891ஆம் வருஷத்துச் சட்டம் பெண்களின் வேலையைப் பதினொரு மணிக்கு வரையறுத்தது. வயதுவந்த ஆடவரின் வேலை நேரத்துக்கு 1911 வரை வரம்பே இல்லை.

இந்தியரின் வறுமையையும் கூலியையும் பற்றி எழுந்த நூல்களுள் தாதாபாய் நௌரோஜியின் எழுத்துக்கள் முதன்மையானவை. ஓர் இந்தியனுக்கு ஆண்டு வருமானம் சராசரி இருபது ரூபாய் என அவர் காட்டியது தேசத்தை உலுக்கிய கணக்கு. ஆயினும் அவருடைய பிரதான வழக்கு இந்தியா, பிரிட்டன் என்னும் இரு தேசங்களுக்கிடையே நடந்தது. ஆலைக்குள் முதலாளிக்கும் தொழிலாளிக்குமுள்ள பேதம் அதில் பின்னணியிலேயே நின்றது. அப்பேதத்தைச் சென்னையில் முன்னிறுத்தியவை, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபின் அதன் நிறுவனரான பி.பி. வாடியா எழுதியவையும், அச்சங்கத்தில் உழைத்த திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளுமாம். திரு.வி.க.வின் நூலைப் பொருளாதார ஆராய்ச்சியாளர் போதிய அளவு எடுத்தாளாதது எனக்கு வருத்தமே.

அண்மையில் லூக்கா சான்சலும் தாமஸ் பிக்கெட்டியும் இந்திய வருமான ஏற்றத்தாழ்வைக் கணித்த ஆய்வு, வருமான வரிப் புள்ளிவிவரங்களைப் பிரமாணமாய்க்கொண்டு 1922இலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்திய 1886ஆம் வருஷத்து வரிச் சட்டமோ ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட வருமானத்தைத் தீண்டவில்லையாதலால், பெரம்பூர்த் தொழிலாளியை அந்த ஏடுகளில் தேடுவது வீண். அவனைக் காண விரும்புவோர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் பஞ்ச நிவாரண அறிக்கைகளிலிருந்தும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளிலிருந்துமே தொடங்க வேண்டும்.