சுவரும் காணிக்கையும்: சென்னை நகரின் பொதுவிடக் கலை பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

நகரின் பொதுவிடங்களில் நிறுவப்படும் சிலைகளும் தீட்டப்படும் ஓவியங்களும் இறையியல் மாணவர் ஆராய வேண்டிய பொருள்தானா என்னும் ஐயம் நம் வாசகர் சிலருக்கு எழலாம். ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி எழுதினால் இவ்வையம் எழுவதில்லை. ஆயினும் நம் சபை மக்களிற் பெரும்பாலார் வாரத்தில் ஒரு நாள் ஆலயச் சுவரையும் ஏனைய நாள்களில் தெருச் சுவரையும் பார்த்தே வாழ்கின்றனர். தெருச் சுவரில் என்ன இடம்பெற வேண்டும், அதை யார் தீர்மானிப்பது, அதற்குரிய பொருளை யார் தருவது என்னும் வினாக்கள் நகராட்சி அலுவலகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. திருமறை இவற்றை நன்கு அறியும்.

சென்னையின் தென்புறத்தே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, துரைப்பாக்கத்தில் அமைந்துள்ளது கண்ணகி நகர். கூவம், அடையாறு முதலிய நீர்நிலைகளின் கரைகளிலும் நகரின் பிற இடங்களிலும் குடிசைகளில் வாழ்ந்த மக்களை அகற்றி, 2000ஆம் ஆண்டு தொடங்கிக் குடிசை மாற்று வாரியம் இங்கே குடியேற்றியது. 1970இல் நிறுவப்பட்ட அவ்வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. இக்குடியிருப்பில் 20,000க்கு மேற்பட்ட வீடுகள் உள்ளன. முதற்கட்டத்தில் கட்டப்பட்டவற்றுட் பல, ஏறத்தாழ 200 சதுர அடிப் பரப்பே உடையவை. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் சுமை தூக்கவும் சென்ற இடங்கள் தொலைவாயின. பலர் பிழைப்பை இழந்தனர். பிள்ளைகள் பலர் பள்ளியை இழந்தனர். இவற்றுக்கு மேலாக ஓர் இழுக்கும் வந்து சேர்ந்தது. முகவரி கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை மறுக்கப்படுகிறது என்பது அங்குள்ள இளைஞரின் நெடுநாள் முறையீடு.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்குடியிருப்பின் கட்டடச் சுவர்கள் பெரிய ஓவியங்களைப் பெற்றன. பொதுவிடக் கலைக்கென 2014 முதல் இயங்கிவரும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை இதனை முன்னின்று நடத்தியது. ஏசியன் பெயின்ட்ஸ் என்னும் வண்ணப்பூச்சு நிறுவனமும் சென்னை மாநகராட்சியும் துணை நின்றன. டெல்லியில் லோதி காலனிச் சுவர்களில் முன்னரே இதே அறக்கட்டளை இத்தகைய பணியைச் செய்திருந்தது. ஆனால் லோதி காலனி அரசு ஊழியர் குடியிருப்பு. கண்ணகி நகரோ அகற்றப்பட்டோர் குடியிருப்பு. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் புகழ்வோர் ஓவியத்தைப் பார்க்கின்றனரேயன்றிச் சுவரைப் பார்க்கவில்லை.

ஓவியங்களைப் பற்றி நம் மதிப்பீட்டை முதலில் கூறிவிடுவோம். அவற்றுட் சில எந்த நகரத்தின் எந்தச் சுவருக்கும் பொருந்துவன: வண்ணக் கட்டங்கள், கற்பனை உருவங்கள். கண்ணுக்கு இனியவை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அங்கு வாழும் பிள்ளைகளின் முகங்களைக் கட்டடத்தின் முழு உயரத்துக்கும் தீட்டியவையோ வேறு தரத்தன. திரைப்பட நடிகருக்கும் அரசியல் தலைவருக்கும் மட்டுமே அவ்வளவு பெரிய முகத்தை வழங்கிப் பழகிய நகரம் இது. அந்நகரத்தில் பெயர் அறியப்படாத ஒரு பிள்ளையின் முகம் அவ்வளவு உயர்ந்து நிற்பது சிறு செய்தி அன்று. மனிதர் இறைச்சாயலில் படைக்கப்பட்டனர் என்று நாம் பிரசங்க பீடத்தில் சொல்வதை அச்சுவர் வேறு மொழியில் சொல்கிறது என்றே கருதுகிறோம். அதே வேளையில், அம்முகத்துக்கு உரிய பிள்ளை இரவில் தூங்குவது 200 சதுர அடி வீட்டில், நான்கைந்து பேரோடு நெருங்கி.

இவ்விடத்தில் எசேக்கியேலின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பேசும் ஆசை போதகருக்கு எளிதில் வரும். ஒருவன் வலுவற்ற சுவரை எழுப்புகிறான். மற்றவர் அதன்மேல் சாரமற்ற சாந்தைப் பூசுகின்றனர். பெருமழை வரும்போது சுவர் விழும் என்று தீர்க்கர் கூறுகிறார். அகற்றப்பட்டோர் குடியிருப்பின்மேல் வண்ணம் பூசுவது இதுவேயன்றோ என்று முழங்கிவிட்டு இறங்கிவிடலாம். இத்தகைய முழக்கத்தை நாம் ஏற்கவில்லை. எசேக்கியேல் கடிந்துகொண்டது சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று உரைத்த தீர்க்கரை. கொத்தனையோ ஓவியனையோ அன்று. ஆகவே அவ்வசனம் முதலில் நம்மைப் போன்ற சொல்வாணரைத்தான் சுடும்.

இதற்குப் பொருத்தமான இடம் எரேமியா 22:13, 14 எனலாம். யோயாக்கீம் அரசன் விசாலமான மாளிகை கட்டினான். கேதுருப் பலகைகள் பதித்தான். ஜாதிலிங்கச் செந்நிறம் பூசினான். தீர்க்கர் பழித்தது செந்நிறத்தை அன்று. அயலானை வேலை வாங்கிக் கூலி கொடாமற் போனதையே பழித்தார். செந்நிறம் அங்கே குற்றத்தின் காரணம் அன்று. குற்றம் நடந்த இடத்தை அடையாளம் காட்டும் சாட்சி. கண்ணகி நகர் வண்ணத்தையும் நாம் இவ்வாறே படிக்க விரும்புகிறோம். மக்களைக் கரையிலிருந்து எடுத்து எங்கே வைப்பது, வீடு எத்தனை அடி, பள்ளி எவ்வளவு தொலைவு என்பன தீர்மானிக்கப்பட்டபோது அவர்கள் சொல்லுக்கு இடம் தரப்படவில்லை. எல்லாம் முடிந்து 20 ஆண்டுகள் ஆனபின் கலை அழைக்கப்பட்டது. கலை கடைசியில் வந்ததே குறை, வந்தது குறையன்று. வெளியேற்றத்தின் பழியை ஓவியர் தலையில் ஏற்றுவது நேர்மை ஆகாது. ஓவியத்தைக் காட்டி வெளியேற்றத்தை மறப்பதும் அவ்வாறே.

அப்படியாயின் திட்டமிடலும் பொருள் திரட்டலும் எங்ஙனம் அமைய வேண்டும்? யாத்திராகமத்தின் பிற்பகுதியை நம் மாணவர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அளவுகளும் கொக்கிகளும் திரைகளும் அவர்களுக்குச் சலிப்பூட்டுகின்றன. உண்மையில் ஒரு மக்கட்கூட்டம் தன் பொதுவிடத்துக்குக் கலைப்பொருள் செய்துகொண்ட வரலாறு அவ்வளவு நுணுக்கமாக வேறெங்கும் எழுதப்பட்டதாக நாம் அறியோம். காணிக்கை மனமுவந்தோரிடம் மட்டும் பெறப்பட்டது. பெண்கள் தம் கையால் நூற்ற நூலைக் கொண்டுவந்தனர் (யாத். 35:25, 26). ஊழியப் பெண்களின் கண்ணாடிகள் வெண்கலத் தொட்டியாயின (38:8). வேண்டிய அளவுக்கு மேல் வந்தபோது இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் கூறப்பட்டது (36:5-7). எந்த அறக்கட்டளையாவது, நம் திருமண்டலக் கட்டட நிதிக் குழுக்களையும் சேர்த்தே கேட்கிறோம், இவ்வறிவிப்பைச் செய்ததுண்டோ? பொன் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, வெண்கலம் இவ்வளவு என ஆரோனின் மகன் இத்தாமாரின் கையால் கணக்கும் எழுதப்பட்டது (38:21-31).

தொழில் வல்லோரும் வெளியிலிருந்து வரவில்லை. பெசலெயேல் யூதா கோத்திரத்தான். அகோலியாப் தாண் கோத்திரத்தான். அவர்களுக்கு அருளப்பட்டது செய்யும் திறன் மட்டும் அன்று, பிறருக்குக் கற்பிக்கும் மனமும் என்று நூல் சொல்கிறது (35:34). ஓவியர் வந்து தீட்டிவிட்டுப் போகும் திட்டத்துக்கும், தீட்டக் கற்ற பத்துப் பிள்ளைகளை அவ்விடத்தில் விட்டுப்போகும் திட்டத்துக்கும் உள்ள தொலைவு இது.

எனினும் மக்கள் தாமே பொருள் தந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ண வேண்டா. பொற்கன்றுக்கும் மக்கள் தாமே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தனர். அங்கும் காணிக்கை, அங்கும் கைவினைஞன், அங்கும் பெருந்திரளின் விருப்பம். அங்கே இல்லாதது காத்திருப்பு. மலைமேல் வரைவு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாள்களிலேயே கன்று வார்க்கப்பட்டுவிட்டது. தேர்தலுக்கு முன் திறந்துவிட வேண்டும், விழாவுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில் பிறந்த பொதுவிடச் சிலைகளை எண்ணும்போது நமக்கு அந்த அதிகாரமே நினைவுக்கு வருகிறது.

சென்னைக்கு உள்ளூர்ப் பெசலெயேல்கள் இல்லாமற் போகவில்லை. திரைப்பட விளம்பரப் பதாகைகளைக் கையால் எழுதி வாழ்ந்த ஓவியர்கள், கணினியில் அச்சிடும் ஃபிளெக்ஸ் பதாகை வந்தபின் தொழிலை இழந்தனர். 2009, 2010ஆம் ஆண்டுகளில் மாநகராட்சி, சுவரொட்டிகளை ஒழிக்கக் கருதி, அண்ணா சாலை முதலிய இடங்களின் சுவர்களில் படம் தீட்ட அவர்களை அமர்த்தியது. மாமல்லபுரம், நாட்டுப்புற நடனம் என்று சுற்றுலா நாட்காட்டியின் பக்கங்களே அங்குப் பெரிதாயின. கலையென்ற அளவில் அவை கண்ணகி நகரின் முகங்களுக்கு நிகராகா. ஆனால் பொதுப்பணம் அந்நகரத்துக் கைகளுக்கே கூலியாகச் சென்றது. படம் சுமார், ஏற்பாடு நன்று என்றே இதனைப் பற்றிச் சொல்வோம்.

பொதுப்பணம் சட்டப்படி ஒதுக்கப்பட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1959லேயே கட்டடச் செலவில் 1 விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்நாட்டு நடுவண் அரசும் தன் கட்டடங்களுக்கு இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. அதன்கீழ் ரிச்சர்ட் செர்ரா என்னும் சிற்பி 1981இல் நியூயார்க் நகரின் ஓர் அரசு வளாக முற்றத்தில், 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட சாய்ந்த எஃகுச் சுவரை நிறுவினார். செலவு 1,75,000 டாலர். முற்றத்தைக் குறுக்கே வெட்டி நின்ற அச்சுவரைச் சுற்றி நடக்க வேண்டியிருந்த ஊழியர்கள் முறையிட்டனர். 1985இல் பொது விசாரணை நடந்தது. பேசியவரிற் பெரும்பாலார் சுவர் நிற்கட்டும் என்றே கூறினர். ஆயினும் 1989இல் அது அகற்றப்பட்டது. விசாரணை நிறுவுவதற்கு முன் நடந்திருந்தால் என்ற எண்ணம் தவிர்க்க இயலாதது. நல்ல சிற்பம் ஒன்று வீணாயிற்று. மக்களும் மனம் புண்பட்டனர்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். மெரினாவில் நிற்பவற்றுள் நம் மதிப்பில் தலைசிறந்தது, சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராயிருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி படைத்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் நான்கு ஆடவர். ஒருவருக்கும் பெயர் இல்லை. 1923இல் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடிய கடற்கரையில் அது நிற்கிறது. 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது அதே கடற்கரைச் சாலையில் வரிசையாகப் பத்துச் சிலைகள் எழுந்தன. வீரமாமுனிவர், ஜி. யு. போப், கால்டுவெல் ஆகிய மூவர் அவற்றுள் அடங்குவர். கால்டுவெல் சிலை தென்னிந்தியத் திருச்சபையின் கொடை. நகரத்தின் பொதுவிடக் கலைக்கு நம் திருச்சபை அளித்தவற்றுள் யாவரும் அறிந்தது இதுவே.

இக்கொடையைக் குறித்து நமக்குப் பெருமையும் தயக்கமும் ஒருங்கே உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டவர் தமிழரின் நன்றிக்கு உரியவர். அதே ஆசிரியர் 1849இல் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. அவர்தம் வழிவந்தோர் இன்று திருநெல்வேலிச் சபைகளில் பெருந்தொகையினர். சபையார் காணிக்கையிலிருந்து ஒருவருக்குச் சிலை வைக்கும்போது, அவரால் புண்பட்டோரும் அச்சபையாருள் அடங்குவர். திருச்சபை தன்னைத் தமிழ் மண்ணுக்கு உரியதெனக் காட்டிக்கொள்ள ஒரு சிலையை நாடியது போல் நமக்குத் தோன்றுகிறது. உழைப்பாளர் சிலையை ஒத்த ஒன்றை, இடையன்குடியில் கல் சுமந்து ஆலயம் கட்டிய பெயரற்றோர்க்கு, அது அன்றே நினைத்திருக்கலாம்.

அப்பத்துள் ஒன்று கண்ணகி சிலை. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது. 2006இல் மீண்டும் அதே கடற்கரையில் நிறுவப்பட்டது. அவ்வாண்டுகளில் நகரம் முழுதும் அச்சிலையைப் பற்றிப் பேசிற்று. கரையோரக் குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கண்ணகியின் பெயர் கொண்ட நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். நீதி கேட்டவளின் சிலை போனதற்கு எழுந்த குரலில் ஒரு பங்கும் இவர்களுக்கு எழவில்லை. நம் சபைகளும் அப்போது அதிகம் பேசவில்லை.

இப்போது நகரச் சபைகள் சிலவற்றிடம் மதில்சுவரை ஓவியத்துக்குத் தருமாறு கேட்கப்படுகிறது. வண்ணத்தை ஒரு நிறுவனம் தரும், ஓவியரை ஓர் அமைப்பு அனுப்பும், சபை அனுமதி தந்தால் போதும் என்பது வழக்கமான பேச்சு. சபைக் குழுவில் இரு கட்சி எழும்: இலவசம்தானே என்போர் ஒருபுறம், ஆலயத்தின் கண்ணியம் கெடும் என்போர் மறுபுறம். மதிலின் வெளிப்புறம் ஆலயத்துக்கு எதிரில் வாழ்வோரின் முன்சுவர் என்பது இரு கட்சியாரின் நினைவிலும் இருப்பதில்லை. எருசலேமின் அலங்கம் பழுதுபார்க்கப்பட்டபோது பலர் தத்தம் வீட்டுக்கு எதிரான பகுதியைக் கட்டினர் (நெகே. 3:23, 28-30). தட்டாரும் தைலக்காரரும் கட்டினர். ஒருவனுடைய குமாரத்திகளும் கட்டினர். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் கழுத்தைச் சாய்க்க மறுத்தனர். எதிர்த்தெருவில் இட்டலிக் கடை வைத்திருப்பவர், மதிலோரம் இரவில் படுப்பவர், ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகள், வராத பிள்ளைகள் ஆகியோரை ஒருமுறை கூட்டிக் கேட்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். கேட்டபின், ஓவியம் வேண்டாம், தெருக்குழாயும் விளக்கும் வேண்டும் என்று அவர்கள் கூறவும் கூடும். அப்போது வண்ண நிறுவனத்தின் கொடையை வாங்காமல் திருப்பி அனுப்பச் சபைக் குழு ஆயத்தமாயிருக்க வேண்டும். ஓவியமே வேண்டும் என்றாலோ, இரண்டு மழைக்காலம் கழிந்து வண்ணம் உரியும்போது மீண்டும் தீட்டுவதற்கான தொகையை முதல் நாளிலேயே வரவு செலவுத் திட்டத்தில் எழுதிவைத்து, கணக்கை ஆலயத்துக்குள் மட்டும் வாசியாமல் அந்த மதிலிலேயே ஒட்ட வேண்டும்.